வீட்டோடு சேர்ந்து நடப்போம்: பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பினாங்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் பாட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஷிஃப்ட் வேலை பார்க்கும் அப்பா, வேலையையும் சமையலையும் சேர்த்துப் பார்க்கும் அம்மா என எல்லாரும் இருப்பார்கள். ஆனால் சேர்ந்து நடந்தோ விளையாடியோ பழக்கம் இருக்காது. அப்படிப்பட்ட வீடுகள் முதல் ஓரிரு மாதங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே விஷயம். ஜிம் வேண்டாம், விலை உயர்ந்த சப்பாத்தும் வேண்டாம். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்: யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். இடம், நேரம், தூரம் எல்லாவற்றையும் அவரை வைத்தே முடிவு செய்யுங்கள். அப்பாவின் வேகத்துக்கோ பதினைந்து வயது மகனின் வேகத்துக்கோ திட்டம் போட்டால் இரண்டாவது வாரமே பாட்டி, “நீங்க போயிட்டு வாங்க” என்பார். மூன்றாவது வாரம் பாட்டிக்குத் துணையாக அம்மாவும் வீட்டில் தங்கிவிடுவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பழையபடி தொலைக்காட்சிக்கே போய்விடும்.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். உடல் எடை கூடியவர்களும் மிகப் பருமனானவர்களும் சேர்த்து 54.4 விழுக்காடு. இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரியவரும் செய்தி. குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா இருக்கும் வீடுகள் நம் சொந்தத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், போதும்.

நடை இதற்கு எப்படி உதவுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கால் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அந்த நேரத்தில் அவை இன்சுலினை வழக்கம்போல் நம்பி இருப்பதில்லை. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை அளவில் வித்தியாசம் தெரிவது இதனால்தான். பாட்டியின் விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், நடந்த நாளும் நடக்காத நாளும் வரும் எண்களைப் பேரனே எழுதி வைக்கட்டும். சொல்லிப் புரியவைப்பதைவிட அந்த எண்கள் நன்றாகப் புரியவைக்கும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும், விழாமல் இருக்க. இந்த எண்களைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் மாதம் அந்தக் ‘கொஞ்சம்’ போதும்.

முதலில் நாட்காட்டி

அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்து, வரும் வாரத்தில் யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். டியூஷன், தேவார வகுப்பு, அப்பாவின் ஷிஃப்ட், அம்மாவின் ஓ.டி., பாட்டியின் கிளினிக் நாள் எல்லாம் அதில் வரட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு வாராவாரம் ஒரே நாள் கிடைக்காது. அவரைப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமை கூட வரமாட்டேங்கிறீங்க” என்று சொல்வதில் நியாயமில்லை. நாளை மாற்றுங்கள். புதன்கிழமை மாலைதான் எல்லாரும் இருக்கும் நேரம் என்றால் புதன்தான் உங்கள் நாள்.

எழுதிப் பார்த்தால் இரண்டு இடைவெளி கண்ணில் படும். வாரநாளில் ஒரு சின்ன நேரம், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. விடுமுறை நாளில் ஒன்றரை மணி நேரம். இரண்டையும் பேனாவால் வட்டமிடுங்கள். மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டாம்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே காலை ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கும். 1982 முதல் தீபகற்பம் முழுவதும் சபா, சரவாக் நேரத்தைப் பின்பற்றுவதால் பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும், சில மாதங்களில் ஏழரை ஆகும். மாலையில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் தமிழ்நாட்டுப் பழக்கப்படி ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியதில்லை. ஏழேகாலுக்கு வெளியே கால் வைத்து ஒன்பதுக்குள் திரும்பினால் வெயிலும் உறைக்காது.

சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம்

முதல் இரண்டு வாரம் எங்கும் போக வேண்டாம். வீட்டு வாசலே போதும். தாமான் வீடாக இருந்தால் தெருவை ஒரு சுற்று, இரண்டு சுற்று. அடுக்குமாடியாக இருந்தால் கீழே கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி, மழை பெய்தால் உங்கள் மாடி நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடங்கள். நம் தெருக்களில் மோட்டார் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். ஒருவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

இந்தப் பதினைந்து நிமிடத்தில் கைப்பேசிக்கு இடமில்லை. ஒரே ஒரு கைப்பேசியை அவசரத்துக்கு எடுத்துச் செல்லலாம், அதுவும் பாட்டியின் பையில். பேச்சு தானாக வரும். பள்ளியில் நடந்ததைக் கேள்வி கேட்டு வாங்க முடியாத பிள்ளை, இருட்டில் பக்கத்தில் நடக்கும்போது சொல்லிவிடும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பல வீடுகளில் இதைக் கவனித்திருக்கிறேன்.

நடக்க முடியாத நாளும் வரும். பாட்டிக்கு மூட்டுவலி, வெளியே இடி மழை. அன்றைக்கு ஒரு கெட்டியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள், சறுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பாட்டி கையை ஊன்றாமல், முடியாவிட்டால் ஊன்றியே, மெதுவாக எழுந்து நின்று மெதுவாக உட்காரட்டும். ஐந்து முறை, ஓய்வு, இன்னொரு ஐந்து. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் தொடைத் தசைக்கு இது நல்ல வேலை. கழிவறையிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுவதற்கும் பஸ்ஸில் ஏறுவதற்கும் இதே தசைதான் தேவை. பேத்தி எண்ணிக்கை சொல்லட்டும், அப்பாவும் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் செய்யட்டும். பாட்டியை மட்டும் செய்ய வைத்துச் சுற்றி நின்று பார்ப்பது அவரை நோயாளியாக்கிவிடும்.

முதல் வெளிநடை: தாவரவியல் பூங்கா

இரண்டு வாரம் வாசலில் நடந்தாயிற்று. இப்போது ஒரு விடுமுறை நாள் காலை, தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1884-இல் உருவான பூங்கா இது. நுழைவுக் கட்டணம் இல்லை, தார் போட்ட சுற்றுப்பாதை இருக்கிறது, நிழல் நிறைய. தள்ளுவண்டியில் குழந்தையும் போகலாம், கைத்தடியோடு தாத்தாவும் போகலாம். காரில்லாதவர்கள் கொம்தாரிலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ ரேப்பிட் பினாங்கின் 10-ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். சொந்தக் காரில் வருபவர்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும், பிள்ளைகளின் பொறுமையும் அங்கேயே தீர்ந்துவிடும்.

நுழைவாயிலுக்கு அருகில் நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. பாட்டிக்கு அவற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். பூவின் நடுவே மகரந்தத் தாள்கள் படமெடுத்த நாகம் போலக் கவிந்து உள்ளே ஒரு சிறு லிங்கத்தை மறைத்திருக்கும். கீழே விழுந்து கிடக்கும் பூவைப் பேரன் எடுத்துக் கொடுப்பான், பாட்டி அதை விரித்துக் காட்டுவார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் நம் சிவன் கோயில்களில் எப்படி இடம் பிடித்தது என்று அக்காக்காரி கேட்பாள். இப்படி ஐந்து நிமிடம் நின்றால் நேரம் வீணாகிறதே என்று அப்பா கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. முதல் நாள் நடையின் பாதிப் பயன் இங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்த வாரம், “அந்தப் பூ மரத்துக்கிட்ட போலாமா?” என்று பிள்ளையே கேட்கும். காய்கள் பீரங்கிக் குண்டு அளவு கனமானவை, ஆகவே மரத்துக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள்.

குரங்குகள் விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பூங்காவில் நீள்வால் குரங்குகள் ஏராளம். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது என்று அறிவிப்பு இருக்கிறது, அதை மதியுங்கள். ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று வாழைப்பழம் நீட்டும் கை நல்ல எண்ணத்தில்தான் நீள்கிறது. ஆனால் அப்படிப் பழகிய குரங்குதான் அடுத்த குடும்பத்துப் பிள்ளையின் கையிலிருந்து பையைப் பறிக்கிறது. சரசரக்கும் பிளாஸ்டிக் பை எடுத்துச் செல்லாதீர்கள், அந்தச் சத்தம் அவற்றுக்குத் தீனிச் சத்தம். சாப்பாடு, போத்தல் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும். குரங்கு நெருங்கினால் கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக விலகுங்கள். மரத்தின் மேலே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கறுப்பாக உட்கார்ந்திருப்பது வேறு இனம், இலை தின்னும் குரங்கு. அது சாது. அதைக் காட்டி, “மூக்குக்கண்ணாடி போட்டிருக்கு பாரு” என்றால் சின்னது இன்னும் நூறு அடி நடக்கும்.

முதல் நாள் அரைச் சுற்றோடு திரும்பிவிடுங்கள். யாரும் களைக்கும் முன் முடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். “இன்னும் கொஞ்சம் போலாமே” என்று யாராவது சொல்லும்போது வீட்டுக்குக் கிளம்பினால் அடுத்த வாரம் உங்களுக்குக் கூப்பிடும் வேலையே இருக்காது.

பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்

நடை என்ற ஒன்றே சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்பு. அவர்கள் நடப்பதில்லை, ஓடுவார்கள், நிற்பார்கள், குந்துவார்கள், திரும்ப ஓடுவார்கள். அதைத் தடுக்காதீர்கள். பாட்டி ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளை முன்னும் பின்னும் ஓடி அதைப்போல் இரண்டு மடங்கு போயிருக்கும். அதுதான் அந்த வயதுக்கான பயிற்சி. பையில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு சாக்கட்டி, ஒரு பந்து இருந்தால் போதும். சாக்கட்டியால் தரையில் பாண்டிக் கட்டம் போட்டு நொண்டியடித்துக் காட்ட வேண்டியது அம்மாவோ அத்தையோதான். பல பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. ஆடி முடித்த பிறகு கொண்டு போன தண்ணீரை ஊற்றிக் கட்டத்தை அழித்துவிடுங்கள். பூங்கா தரை நம் வீட்டு முற்றம் மாதிரிதான். கிளித்தட்டுக்கு ஆள் நிறைய வேண்டும், சித்தப்பா குடும்பமும் சேரும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள்தான் கடினம். பெற்றோரோடு நடந்து போவதை நண்பர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவர்களுக்கு உண்மையானது. அதைக் கிண்டல் செய்யாதீர்கள். “எப்பப் பாரு கைப்பேசி” என்று தொடங்கும் எந்தப் பேச்சும் வேலைக்காகாது. பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த வாரம் எங்கே போவது, எந்தப் பேருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாவற்றையும் பதினான்கு வயது மகள் முடிவு செய்யட்டும். அவள் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அன்றைக்கு அதன்படி நடங்கள். இன்னொரு வழி பூப்பந்து. இந்த நாட்டில் பூப்பந்து மட்டை இல்லாத தமிழ் வீடு குறைவு. மகன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தாமான் திடலிலோ சமூக மண்டபத்திலோ அரை மணி நேரம் ஆடினாலே வியர்த்துக் கொட்டும், தோற்ற அப்பா அடுத்த வாரம் தானாக வருவார்.

அம்மாவின் காலைப்பொழுது

இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. குடும்ப நடை என்று பெயர் வைத்துவிட்டு, அம்மா மட்டும் ஐந்து மணிக்கு எழுந்து சட்னி அரைத்து, போத்தல்களை நிரப்பி, சின்னதுக்குச் சப்பாத்து தேடி, திரும்பி வந்து எல்லாருடைய வியர்வைத் துணியையும் ஊறவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அப்படியானால் அது அவருக்கு இன்னொரு வேலைநாள். இரண்டு மாதம் பொறுப்பார், அதற்குமேல் பொறுக்கவும் கூடாது.

முந்தின இரவே வேலையைப் பிரியுங்கள். போத்தல் நிரப்புவது அப்பா. கொசு மருந்து, தொப்பி, துண்டு எடுத்து வைப்பது மூத்த பிள்ளை. காலைப் பசியாறல் அன்றைக்கு வீட்டில் செய்ய வேண்டாம்: முந்தின நாளே அவித்த முட்டையும் வாழைப்பழமும் காரில் காத்திருக்கட்டும், அல்லது திரும்பும் வழியில் கடையில் சாப்பிடலாம். கடையில் சாப்பிட்டால் நடந்த பயன் போய்விடாதா என்று கேட்பார்கள். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாயும் கட்டிப்பால் போட்ட தேத்தண்ணீரும் என்றால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். தோசையோ ஒரே ஒரு ரொட்டியோ எடுத்துக்கொண்டு, தேநீரைச் சீனி குறைத்துக் கேளுங்கள், கடைக்காரர்களுக்கு அது பழகிப்போன வார்த்தை. குடும்பமாக உட்கார்ந்து பசியாறும் அந்த அரை மணி நேரத்துக்காகவே நடக்க வரும் பிள்ளைகளும் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

சேலை, பஞ்சாபி உடை எதுவானாலும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் எது வசதியோ அதுவே போதும். காலணியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜப்பான் சிலிப்பரோடு தார்ச்சாலையில் அரை மணி நேரம் நடந்தால் குதிகால் வலி வரும். பின்னால் பட்டை உள்ள செருப்போ சப்பாத்தோ வேண்டும்.

நோய் இருப்பவர்கள் கிளம்புமுன்

நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது, “குடும்பத்தோடு நடக்க ஆரம்பிக்கிறோம், எவ்வளவு நடக்கலாம்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். கிளம்புமுன் அளந்து பாருங்கள், 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் இவையெல்லாம் சர்க்கரை இறங்கும் அறிகுறி. உடனே உட்கார வைத்து, ஒரு மேசைக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ இனிப்புப் பானமோ கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். அதனால் பையில் எப்போதும் சீனி இருக்க வேண்டும், அது எந்த உறையில் இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தாலும் சிலருக்கு வலி தெரியாது. பாட்டியால் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் அங்கேயே நின்று 999-ஐ அழையுங்கள். “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று காரை எடுக்காதீர்கள்.

மழை, இடி, புகைமூட்டம்

பினாங்கில் பிற்பகலில்தான் இடிமழை அதிகம், அதிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மாலை நடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வானத்தைப் பார்த்துப் போங்கள். இடிச்சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதம், அதைத் தாண்டினால் உடலுக்குக் கேடு. பள்ளிகளே 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகளை நிறுத்துகின்றன, வீட்டுக்கும் அதே கோடு இருக்கட்டும். ஏடிஸ் கொசு விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும்தான் அதிகம் கடிக்கும், அதாவது நாம் நடக்கும் அதே நேரத்தில். கை கால்களில் கொசு மருந்து தடவாமல் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகாதீர்கள்.

தண்ணீர்மலைப் படிகள்

ஒரு மாதம் தட்டையான பாதையில் பழகிய பிறகு, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று ஏறியிருப்பீர்கள், கூட்டம் தள்ளியே கொண்டுபோய் மேலே சேர்த்திருக்கும். சாதாரண நாள் காலையில் 513 படியையும் நிதானமாக ஏறுவது வேறு அனுபவம், முருகனையும் அருகில் நின்று பார்க்கலாம்.

ஏறும் முறை இதுதான். கைப்பிடி ஓரமாக, முழுப் பாதத்தையும் படியில் வைத்து ஏறுங்கள், நுனிக்காலில் தாவ வேண்டாம். பாட்டி வருவதானால் பத்துப் படிக்கு ஒரு நிற்றல். அவர் எங்கே போதும் என்கிறாரோ அங்கே ஒருவர் அவரோடு நிற்கட்டும், மற்றவர்கள் ஏறி வரட்டும். அடுத்த முறை அந்த இடத்தை அவரே தாண்டுவார். முதல் மாதம் ஐம்பதாவது படியோடு திரும்பியவர் மூன்றாவது மாதம் கொடிமரம் வரை போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் அன்றைக்குத் திருவிழாதான்.

மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சுமை. இறங்கும்போது முழங்கால் உடல் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்குகிறது. சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, வலியுள்ள காலை முதலில் கீழே வைத்து, ஒரு படியில் இரண்டு பாதமும் சேர்ந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். மழை விட்ட உடனே ஏற வேண்டாம், ஈரக்கல் வழுக்கும். பிள்ளைகள் படியில் ஓட்டப்பந்தயம் வைக்கக் கூடாது, மற்றவர்கள் கும்பிட வரும் இடம் அது.

வேறு இடங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு, பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத இளைஞர் பூங்காவில் தண்ணீர் விளையாட்டுக் குளங்களும் ஊஞ்சல்களும் உள்ளன. மாலைக் காற்று வேண்டுமானால் கர்னி கடற்கரையோரம், ஜெலுத்தோங் பக்கம் கர்பால் சிங் கடலோரச் சாலை. அயர் ஈத்தாம் அணைக்கட்டைச் சுற்றி நடப்பது அழகு, ஆனால் அங்கே போகும் சாலை செங்குத்து. பெருநிலத்தில் இருப்பவர்கள் நடப்பதற்காகப் பாலம் தாண்டித் தீவுக்கு வர வேண்டியதில்லை, புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் வனப்பூங்கா இருக்கிறது, பெரிய மரங்களும் ஓடையும் உண்டு. தெலுக் பஹாங்கில் 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் காட்டுப் பாதைகள் மேடு பள்ளமானவை. வேர்களில் கால் இடறும். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டிய பிறகு போகலாம், நுழைவில் பெயரைப் பதிந்து, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு.

விட்டுப்போனால்

தீபாவளி வாரம், பரீட்சை வாரம், வீட்டில் ஒருவருக்கு டெங்கி. விட்டுப்போகும். விட்டுப்போன வாரங்களுக்குச் சேர்த்து நடந்து கடன் தீர்க்க முயலாதீர்கள், கால் வலிதான் மிஞ்சும். சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடத்துக்குத் திரும்புங்கள், இரண்டாவது வாரம் பூங்கா. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கணக்கு வைத்துப் பேசாதீர்கள். வந்தவர்களோடு நடங்கள். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை தேசிய விளையாட்டு நாள், அன்றைக்கு ஊரெங்கும் நடை, ஓட்டம் என்று ஏற்பாடுகள் இருக்கும். நின்றுபோன வீடுகள் திரும்பத் தொடங்க அது நல்ல சாக்கு.

ஆறு மாதம் தொடர்ந்தவர்களுக்குக் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஜீப் பாதை வழியாக ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். பழகிய பெரியவர்களுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிள்ளைகளோடு என்றால் மூன்று. விடிந்ததும் தொடங்குங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி கீழ் நிலையத்திலிருந்து மலை ரயிலில் மேலே வந்து காத்திருக்கலாம், துணைக்கு ஒருவர் அவரோடு வரட்டும். இறங்கும்போது எல்லாரும் ரயிலில் சேர்ந்து இறங்குங்கள். ஏறி வந்தவர்கள் இறங்க மட்டும் ஒருவழிச் சீட்டு வாங்கினால் போதும். வாரக் கடைசியில் வரிசை நீளும், மேலே சேர்ந்ததும் சீட்டை வாங்கிவிடுங்கள். ரயில் பாட்டி ஏறிய கீழ் நிலையத்தில்தான் கொண்டுபோய் விடும். கார் பூங்கா பக்கம் நிற்பதால் அதை எடுத்துவர ஒருவர் திரும்பிப் போக வேண்டியிருக்கும், அது யார் என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.